27 டாலரில் தொடங்கிய கதை: சிறு கடன் கொடுத்தால் வறுமை ஒழியுமா?

காலை ஒன்பதரை மணி. தெருவில் ஒரு வீட்டு வாசலில் பத்துப் பதினைந்து பெண்கள் உட்கார்ந்திருக்கிறார்கள். ஒவ்வொருவர் கையிலும் ஓர் அட்டை, அதற்குள் மடித்து வைத்த பணம். பைக்கில் வந்து இறங்கும் இளைஞர் பெயர் பெயராகக் கூப்பிட்டுப் பணத்தை எண்ணி வாங்குகிறார். அரை மணி நேரத்தில் அடுத்த தெருவுக்குக் கிளம்பிவிடுகிறார். யாராவது ஒருத்தர் வரவில்லை என்றால் போதும், மற்றவர்களின் முகம் மாறிவிடும்.

தமிழ்நாட்டில் இதற்கு 'குழு லோன்', 'வார டியூ' என்று பெயர். உங்கள் வீட்டுக்கு வேலைக்கு வரும் அக்காவோ, ஆபீஸ் பக்கத்தில் தள்ளுவண்டிக் கடை போட்டிருக்கும் அண்ணனின் குடும்பமோ இப்படி ஒரு குழுவில் இருக்க வாய்ப்பு அதிகம்.

இந்தத் திண்ணைக் கூட்டத்துக்குப் பின்னால் 50 ஆண்டுக் கதை இருக்கிறது. 'வறுமைக்கு மருந்து' என்று கொண்டாடப்பட்டு நோபல் பரிசு வரை போன யோசனை இது. பிறகு, 'ஏழைப் பெண்களைச் சிக்கவைக்கும் பொறி' என்று திட்டும் வாங்கியது. இரண்டில் எது உண்மை? கடந்த 20 ஆண்டுகளில் நடந்த ஆய்வுகள் இந்தக் கேள்விக்கு ஓரளவு தெளிவாகவே பதில் சொல்கின்றன.

42 பேர், 856 டாகா

1971-ல் விடுதலை பெற்ற வங்கதேசத்தை 1974-ல் கடும் பஞ்சம் தாக்கியது. அப்போது சிட்டகாங் பல்கலைக்கழகத்தில் பொருளாதாரப் பேராசிரியராக இருந்தவர் முகமது யூனுஸ். வகுப்பில் நடத்தும் தியரிக்கும் வெளியே தெரியும் பசிக்கும் சம்பந்தமே இல்லையே என்ற உறுத்தலில், பல்கலைக்கழகத்துக்குப் பக்கத்தில் இருந்த ஜோப்ரா கிராமத்துக்குப் போய்வரத் தொடங்கினார்.

அங்கே மூங்கில் முக்காலி செய்யும் ஒரு பெண்ணிடம் வரவு செலவு கேட்டார். மூங்கில் வாங்க 5 டாகா (வங்கதேச நாணயம்) வேண்டும். அந்தப் பணம் கையில் இல்லை. அதனால் வியாபாரியிடம் கடன் வாங்கி, செய்த முக்காலியை அதே வியாபாரியிடம் அவர் சொல்லும் விலைக்குக் கொடுத்துவிட வேண்டும். நாள் முழுக்க உழைத்தால் கையில் நிற்பது அரை டாகா.

கைத்தொழில் தெரியும், உழைக்கத் தயார், பொருளை வாங்க ஆளும் உண்டு. இல்லாதது அந்த 5 டாகா முதல் மட்டும்தான்.

இதே நிலையில் ஊரில் எத்தனை பேர் இருக்கிறார்கள் என்று பட்டியல் எடுக்கச் சொன்னார் யூனுஸ். 42 பேர் தேறினார்கள். எல்லோருடைய கடனையும் கூட்டினால் 856 டாகா. அன்றைய மதிப்பில் 27 டாலர்கூட இல்லை. 1976-ல் அந்தப் பணத்தைத் தன் பையிலிருந்தே கொடுத்தார்.

அடுத்து வங்கிக்குப் போனார். அடமானம் இல்லாதவர்களுக்குக் கடன் தர முடியாது என்றது வங்கி. கடைசியில் தானே ஜாமீன் நின்று கடன் வாங்கிக் கொடுத்தார். 1983-ல் அந்தச் சிறு முயற்சி 'கிராமீன் வங்கி' என்ற தனி வங்கியானது. 2006-ல் அமைதிக்கான நோபல் பரிசு யூனுஸுக்கும் கிராமீன் வங்கிக்கும் பகிர்ந்து அளிக்கப்பட்டது.

அடமானத்துக்குப் பதில் அக்கம்பக்கம்

வங்கிகள் ஏன் ஏழைகளுக்குக் கடன் தரத் தயங்குகின்றன? இதயம் இல்லாததால் மட்டும் இல்லை. 10 லட்சம் ரூபாய் கடனுக்கும் 10 ஆயிரம் ரூபாய் கடனுக்கும் வங்கி ஊழியர் பார்க்க வேண்டிய வேலை கிட்டத்தட்ட ஒன்றுதான். வரும் வட்டியோ நூறில் ஒரு பங்கு. கடன் கேட்பவர் நாணயமானவரா என்று தெரிந்துகொள்ளச் சம்பளச் சீட்டும் கிடையாது, பத்திரமும் கிடையாது.

கிராமீன் இதைச் சமாளித்த விதம் எளிமையானது. அக்கம்பக்கத்துப் பெண்கள் ஐந்து பேர் ஒரு குழு. யார் நாணயமானவர், யார் இல்லை என்பது அந்த ஐந்து பேருக்கும் தெரியும். ஒருவர் கட்டத் தவறினால் அது குழுவையே பாதிக்கும். தவணை வாரம் ஒருமுறை, எல்லோர் முன்னிலையிலும் கட்ட வேண்டும். ஒழுங்காகக் கட்டினால் அடுத்த முறை கொஞ்சம் பெரிய கடன். சுமார் 97 சதவீத உறுப்பினர்கள் பெண்கள். தவணையும் பெரும்பாலும் தவறாமல் திரும்பி வந்தது.

அடித்தட்டு மக்களுக்கு அதுவரை இருந்த ஒரே வழி வட்டிக்காரர்தான். நம் ஊர் 'தண்டல்' கணக்கை எடுத்துக்கொள்வோம். 10,000 ரூபாய் தண்டல் என்றால், 1,500-ஐ முதலிலேயே பிடித்துக்கொண்டு 8,500 கையில் கொடுப்பார்கள். தினமும் 100 ரூபாய் வீதம் 100 நாள் கட்ட வேண்டும். ஊருக்கு ஊர் இந்தக் கணக்கு கொஞ்சம் மாறும். ஆண்டு வட்டியாகப் போட்டுப் பார்த்தால் 100 சதவீதத்தைத் தாண்டும்.

'10 சதவீதம்தான் வட்டி' என்றால் உஷார்

சிறு கடனிலும் ஒரு கணக்கு பலருக்குத் தெரிவதில்லை. 10,000 ரூபாய் கடன், வாரம் 220 வீதம் 50 வாரம் கட்ட வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் கட்டுவது 11,000. வட்டி ஆயிரம் ரூபாய், அதாவது 10 சதவீதம் என்று சொல்லத் தோன்றும்.

ஆனால் முழு 10,000 ரூபாயும் வருடம் முழுக்க உங்கள் கையில் இருப்பதில்லை. ஒவ்வொரு வாரமும் அசல் குறைந்துகொண்டே வருகிறது. சராசரியாகப் பார்த்தால் கையில் இருப்பது சுமார் 5,000 ரூபாய்தான். அதற்கு ஆயிரம் வட்டி என்றால், உண்மையான வட்டி சுமார் 20 சதவீதம். தண்டலோடு ஒப்பிட்டால் இது எவ்வளவோ மேல். வங்கி நகைக்கடனோடு ஒப்பிட்டால் அதிகம்.

ஆக, 20 சதவீதத்துக்கு மேல் லாபம் தரும் தொழிலில் போட்டால்தான் இந்தக் கடன் கட்டுப்படியாகும். அந்த லாபம் கிடைக்கிறதா?

ஹைதராபாத்தில் கிடைத்த பதில்

பல ஆண்டுகளாக இந்தக் கேள்விக்கு வெற்றிக் கதைகள்தான் பதிலாகச் சொல்லப்பட்டன. ஒரு பெண் கடன் வாங்கி ஆடு வாங்கினார், ஆடு மாடானது, மாடு வீடானது என்று. கதை உண்மையாகவே இருக்கலாம். ஆனால் கடன் வாங்காமலே அவர் முன்னேறியிருப்பாரா? கடன் வாங்கி நொடித்துப்போன பக்கத்து வீட்டுக்காரர் எங்கே? கதைகளில் இதற்குப் பதில் இல்லை.

இதைச் சோதிக்க அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டஃப்லோ உள்ளிட்ட பொருளாதார அறிஞர்கள் ஹைதராபாத்தில் ஓர் ஆய்வு நடத்தினார்கள். (இந்த இருவரும் மைக்கேல் கிரீமருடன் சேர்ந்து 2019-ல் பொருளாதார நோபல் பெற்றவர்கள்.) நகரின் 104 ஏழைக் குடியிருப்புகளை எடுத்துக்கொண்டு, குலுக்கல் முறையில் 52-ஐத் தேர்ந்தெடுத்தார்கள். அங்கே மட்டும் ஒரு நுண்கடன் நிறுவனம் முதலில் கிளை திறந்தது. குலுக்கல் என்பதால் இரண்டு பக்கமும் ஏறக்குறைய ஒரே மாதிரியான குடும்பங்கள். பிறகு வரும் வித்தியாசம் கடனால் வந்தது என்று நம்பலாம்.

ஒன்றரை ஆண்டு வாக்கில் சுமார் 6,800 குடும்பங்களிடம் கணக்கெடுத்தார்கள். கிடைத்த பதில், கொண்டாடியவர்களுக்கும் ஏமாற்றம், திட்டியவர்களுக்கும் ஏமாற்றம்.

கடன் வந்த பகுதிகளில் தொழிலில் போட்ட முதல் கூடியிருந்தது. வீட்டுக்கும் தொழிலுக்கும் நீடித்து உழைக்கும் பொருட்களை வாங்கியிருந்தார்கள். டீ, புகையிலை, வெளியே சாப்பிடுவது போன்ற சில்லறைச் செலவுகளைக் குறைத்திருந்தார்கள். ஆனால் குடும்பத்தின் மொத்தச் செலவு, அதாவது வாழ்க்கைத் தரம், சொல்லிக்கொள்ளும்படி உயரவில்லை. பிள்ளைகளின் படிப்பு, உடல்நலம், வீட்டில் பெண்ணின் பேச்சுக்கு இருக்கும் மதிப்பு ஆகியவற்றிலும் பெரிய மாற்றம் தெரியவில்லை.

ஹைதராபாத் மட்டும் விதிவிலக்கா? இல்லை. போஸ்னியா, எத்தியோப்பியா, மெக்ஸிகோ, மங்கோலியா, மொராக்கோ ஆகிய நாடுகளிலும் இதேபோன்ற ஆய்வுகள் நடந்தன. 2015-ல் ஆறும் ஒன்றாக வெளியாயின. சாரம் ஒன்றுதான்: சிறு கடனால் சிறு நன்மை உண்டு. அது குடும்பங்களைப் பெரும்பாலும் அழித்துவிடவும் இல்லை, சராசரி ஏழைக் குடும்பத்தை வறுமையிலிருந்து வெளியே தூக்கிவிடவும் இல்லை.

யாருக்கு வேலை செய்கிறது?

சராசரி என்பது பல விஷயங்களை மறைத்துவிடும். ஹைதராபாத் குடும்பங்களை ஆறு ஆண்டுகள் கழித்தும் ஆய்வாளர்கள் பார்த்தார்கள். அப்போது ஒரு கோடு தெளிவாகத் தெரிந்தது.

கடன் ஊருக்குள் வருவதற்கு முன்பே சின்னதாக ஒரு தொழில் வைத்திருந்தவர்கள் உண்மையிலேயே வளர்ந்திருந்தார்கள். தொழிலும் பெருத்தது, லாபமும் கூடியது. அந்த நிறுவனம் பிறகு அங்கிருந்து கிளம்பிய பின்னும் அந்த வளர்ச்சி நிலைத்தது. கடன் கிடைக்கிறதே என்று புதிதாகத் தொழில் தொடங்கியவர்களுக்கு அப்படிப் பெரிதாக ஒன்றும் நடக்கவில்லை.

இப்போது ஜோப்ராவை நினைத்துப் பாருங்கள். அந்த முக்காலிக்காரப் பெண் தொழில் தெரியாதவர் இல்லை. அவரிடம் தொழில் ஓடிக்கொண்டிருந்தது, முதல்தான் இல்லை. யூனுஸின் முதல் கடன் போய்ச் சேர்ந்தது இப்படிப்பட்டவர்களிடம்தான். பிறகு உலகம் முழுக்கப் பரவும்போது, 'கடன் கொடுத்தால் எல்லா ஏழைகளும் தொழில்முனைவோர் ஆகிவிடுவார்கள்' என்று கதை நீண்டுவிட்டது.

முதல் கிடைத்தால் சிறு தொழில் வளரும் என்பதற்கு இலங்கையில் நல்ல சான்று உண்டு. காலி, மாத்தறை, களுத்துறை மாவட்டங்களில் சிறு தொழில் நடத்துபவர்களில் குலுக்கலில் தேர்வானவர்களுக்கு 10,000 அல்லது 20,000 இலங்கை ரூபாயைக் கடனாக இல்லாமல் இலவசமாகவே கொடுத்துப் பார்த்தார்கள். போட்ட முதலுக்கு மாதம் சராசரியாக 5 சதவீதம் அளவுக்கு வருவாய் கூடியது. எந்தச் சந்தை வட்டியையும்விட இது அதிகம்.

ஆனால் அதில் ஒரு முடிச்சு. ஆண்கள் நடத்திய தொழில்களில்தான் இந்த வளர்ச்சி. பெண்கள் நடத்தியவற்றில் இல்லை. பெண்களுக்கு வியாபாரம் வராது என்று அர்த்தமா? பின்னர் இந்தியா, இலங்கை, கானா தரவுகளைச் சேர்த்துப் பார்த்தபோது விடை கிடைத்தது. மனைவி பெயரில் வந்த பணம் பல வீடுகளில் கணவர் தொழிலுக்குப் போயிருந்தது. வீட்டில் அந்தப் பெண்ணின் தொழில் மட்டுமே இருந்தால், அவரும் அதே அளவுக்கு லாபம் எடுத்தார். அதாவது லோன் பெண்ணின் பேரில், டியூவும் பெண்ணின் தலையில், முதல் மட்டும் வேறு கையில்.

இன்னொரு சிக்கல், சந்தையின் அளவு. ஒரு தெருவில் ஒரு இட்லிக் கடை ஓடும். ஐந்து பேர் கடன் வாங்கி ஐந்து இட்லிக் கடை போட்டால்? வங்கதேசத்தில் 1997-ல் கிராமத்துப் பெண்கள் கடனில் செல்போன் வாங்கி, நிமிடக் கணக்கில் ஊராருக்குப் பேசக் கொடுத்துச் சம்பாதித்தார்கள். 'டெலிபோன் லேடி' என்று உலகமே கொண்டாடியது. எல்லோர் கையிலும் போன் வந்ததும் அந்த வருமானம் கரைந்துவிட்டது.

வங்கதேசத்தில் வறுமை குறைந்ததற்குக் கடன் மட்டும் காரணம் இல்லை. சுமார் 40 லட்சம் பேருக்கு வேலை கொடுத்த ஆயத்த ஆடைத் துறை, வெளிநாட்டிலிருந்து குடும்பத்துக்கு வரும் பணம் ஆகியவற்றுக்கும் அதில் பெரிய பங்கு உண்டு. சொந்தத் தொழில் எல்லோருக்கும் பிடித்தமானதும் இல்லை. மாதச் சம்பளம் கிடைத்தால் கடையை மூடிவிட்டுப் போகத் தயாராக இருப்பவர்கள் நிறைய.

முதல் வாரமே டியூ

கடன் கிடைத்த அடுத்த வாரமோ, அதற்கடுத்த வாரமோ தவணை தொடங்கிவிடும். வசூலுக்கு இது நல்லது. தொழிலுக்கு? தையல் மெஷின் வாங்கி, வாடிக்கையாளர் பிடிக்கவே ஒன்றிரண்டு மாதம் ஆகும். கறவை மாடு வாங்கினாலும் பால் வற்றிய மாதங்களில் வருமானம் இல்லை. அதனால் கடனில் ஒரு பகுதியை டியூ கட்டவே ஒதுக்கி வைப்பவர்கள் உண்டு.

கொல்கத்தாவில் இதையும் சோதித்தார்கள். ஒரு பிரிவுக்கு வழக்கம்போல இரண்டு வாரத்தில் தவணை. இன்னொரு பிரிவுக்கு இரண்டு மாத அவகாசம். அவகாசம் கிடைத்தவர்கள் தொழிலில் அதிகமாக முதல் போட்டார்கள். சுமார் மூன்று ஆண்டுகள் கழித்துப் பார்த்தால் அவர்களின் தொழில் லாபம் 40 சதவீதம் அளவுக்கு அதிகம்.

அப்படியானால் எல்லோருக்கும் அவகாசம் கொடுத்துவிடலாமே? அதில்தான் சிக்கல். அந்தப் பிரிவில் கடனைக் கட்டத் தவறியவர்களும் அதிகம். துணிந்து முதல் போட்டால் சிலர் ஜெயிப்பார்கள், சிலர் தோற்பார்கள். தோற்பவர்களின் நஷ்டத்தை யார் ஏற்பது என்ற கேள்விக்குக் கடன் நிறுவனங்களிடம் பதில் இல்லை. அதனால் பழைய வாரத் தவணையே பாதுகாப்பு என்று இருந்துவிடுகின்றன.

2010: ஆந்திரப் பிரதேசத்தில் என்ன நடந்தது?

2000-களின் கடைசியில் நுண்கடன் இந்தியாவில் லாபம் கொழிக்கும் பிசினஸ் ஆனது. அதன் மையம் ஆந்திரப் பிரதேசம். 2010 ஆகஸ்டில் ஒரு பெரிய நுண்கடன் நிறுவனம் பங்குச் சந்தையிலும் இறங்கியது. ஊழியர்களுக்கு டார்கெட், கிளைகளுக்கு டார்கெட். ஒரே வீட்டில் மூன்று நான்கு நிறுவனங்களின் கடன். ஒரு கடனின் டியூவைக் கட்ட இன்னொரு கடன்.

வசூல் நெருக்கடியும் தற்கொலைச் செய்திகளும் வரத் தொடங்கின. 2010 அக்டோபரில் மாநில அரசு அவசரச் சட்டம் கொண்டுவந்து நுண்கடன் வசூலுக்குக் கடிவாளம் போட்டது. மக்கள் தவணை கட்டுவதை நிறுத்தினார்கள். நிறுவனங்கள் தள்ளாடின. ரிசர்வ் வங்கி அமைத்த மாலேகாம் குழு 2011 ஜனவரியில் அறிக்கை தந்தது. அதன் பிறகே இந்தத் துறைக்குத் தனி விதிமுறைகள் வந்தன.

கதையின் அடுத்த பாதி அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. ஆந்திராவில் நஷ்டப்பட்ட நிறுவனங்கள் மற்ற மாநிலங்களிலும் கடன் கொடுப்பதைக் குறைத்தன. அப்படிக் கடன் வற்றிய மாவட்டங்களைப் பிறகு ஆய்வு செய்தபோது, அங்கே தினக்கூலி குறைந்திருந்தது, ஏழைக் குடும்பங்களின் வருமானமும் செலவும் சரிந்திருந்தது. கடன் வாங்கிய சிறு முதலாளி ஆள் வைத்து வேலை வாங்குவதை நிறுத்தினால், கடனே வாங்காத கூலித் தொழிலாளிக்கும் அடி விழும். 'நுண்கடனையே தடை செய்துவிடலாம்' என்பவர்கள் யோசிக்க வேண்டிய இடம் இது.

கடனை வெறுமனே தள்ளுபடி செய்தாலும் பிரச்சினை தீராது. சென்னையிலும் பிலிப்பைன்ஸிலும் சந்தைச் சிறுவியாபாரிகளின் வட்டிக்காரர் கடனை ஆய்வாளர்களே மொத்தமாக அடைத்துப் பார்த்தார்கள். பெரும்பாலானோர் ஆறே வாரத்தில் மறுபடியும் கடனுக்குள் போய்விட்டார்கள். உடம்பு சரியில்லை, பள்ளிக் கட்டணம், மழையால் வியாபாரம் இல்லை என்று ஏதாவது ஒன்று வந்து நின்றால், சேமிப்பு இல்லாதவருக்கு வேறு வழி?

முதலில் மாடு, பிறகு கடன்

உலக வங்கியின் 2025 கணக்குப்படி, ஒரு நாளைக்கு 3 டாலருக்கும் குறைவாக (அந்தந்த நாட்டின் வாங்கும் சக்திக்கு ஏற்ப) செலவிடுபவர்கள் மிக வறியவர்கள். உலகில் இப்படி சுமார் 80 கோடிப் பேர் இருக்கிறார்கள். இவர்களிலும் கடைக்கோடியில் இருப்பவர்கள் கடன் குழுவுக்குள்ளேயே வருவதில்லை. கணவரை இழந்தவர், நிலமில்லாதவர், நாளைய சாப்பாடே உறுதியில்லாதவர். 'நான் கட்ட முடியாமல் போனால் மற்றவர்களுக்குச் சுமை' என்று அவர்களே ஒதுங்கிவிடுகிறார்கள். குழுவும் அவர்களைச் சேர்க்கத் தயங்கும்.

இதை முதலில் கவனித்ததும் வங்கதேசம்தான். அங்குள்ள பிராக் என்ற தொண்டு நிறுவனம் பல ஆண்டுகளாகச் சிறு கடன் கொடுத்துவந்தது. தன் கடன் இவர்களைத் தொடவே இல்லை என்பதைப் புரிந்துகொண்டு, 2002-ல் வேறு வழியைத் தொடங்கியது. கடனுக்குப் பதில் மாடோ ஆடோ இலவசமாகக் கொடுப்பது. அதை விற்றுச் சாப்பிட்டுவிடாமல் இருக்க, முதல் சில மாதங்கள் சாப்பாட்டுக்கு உதவித்தொகை. வளர்ப்பதற்குப் பயிற்சி. வாராவாரம் வீட்டுக்கு வந்து பார்க்கும் ஊழியர். கூடவே சேமிப்பு, மருத்துவ உதவி. இரண்டு ஆண்டு வாக்கில் குடும்பம் சொந்தக் காலில் நிற்க வேண்டும் என்பது இலக்கு. இதை உலகம் 'கிராஜுவேஷன்' திட்டம் என்கிறது.

எத்தியோப்பியா, கானா, ஹோண்டுராஸ், இந்தியா, பாகிஸ்தான், பெரு ஆகிய ஆறு நாடுகளில் சுமார் 10,000 பேரிடம் இதைச் சோதித்த முடிவு 2015-ல் வெளியானது. சாப்பாடு, வருமானம், சொத்து, சேமிப்பு எல்லாமே உயர்ந்திருந்தன. உதவி நின்று ஓராண்டு ஆன பிறகும் அந்த உயர்வு நீடித்தது. இந்தியாவில் போட்ட பணத்தைவிட நான்கு மடங்குக்கும் மேல் பலன் என்று கணக்கிட்டார்கள். ஹோண்டுராஸில் மட்டும் கணக்கு உதைத்தது. அங்கே பலர் கோழிகளைத் தேர்ந்தெடுத்தார்கள், நோய் வந்து கோழிகள் செத்துப்போயின.

இந்தியாவில் இது நடந்த இடம் மேற்கு வங்கத்தின் முர்ஷிதாபாத் மாவட்டம். நடத்தியது பந்தன் அமைப்பு. பத்து ஆண்டுகள் கழித்தும் போய்ப் பார்த்தார்கள். உதவி பெற்ற குடும்பங்கள் பெறாதவர்களைவிட அப்போதும் நல்ல நிலையில் இருந்தன.

ஏன் இது வேலை செய்கிறது? வங்கதேசத் தரவுகளை வைத்து 2022-ல் வெளியான ஆய்வு ஒரு விளக்கம் தருகிறது. சொத்தில் ஒரு குறைந்தபட்சக் கோடு இருக்கிறது. அதைத் தாண்டியவர்கள் அதற்குப் பிறகு தாங்களாகவே மேலே ஏறுகிறார்கள். தாண்ட முடியாதவர்கள், உதவி கிடைத்தாலும் கொஞ்ச நாளில் பழைய இடத்துக்கே சறுக்கிவிடுகிறார்கள். ஒரு பசு மாடு மட்டும் போதாது, பாலைக் கொண்டுபோய் விற்க வண்டியும் கொட்டகையும் வேண்டும் என்பது மாதிரி. சின்னச் சின்னதாக உதவி கொடுத்துக்கொண்டே இருப்பதைவிட, கோட்டைத் தாண்டும் அளவுக்கு ஒரே முறை கொடுப்பது மேல்.

இந்தியாவிலேயே ஒரு மாநில அரசு இதைப் பெரிய அளவில் எடுத்துச் செய்கிறது. பிகாரில் 2016-ல் மதுவிலக்கு வந்தபோது, சாராயமும் கள்ளும் விற்றுப் பிழைத்த குடும்பங்கள் வருமானம் இழந்தன. அவர்களுக்கும் மற்ற மிக ஏழைக் குடும்பங்களுக்குமாக 2018-ல் 'சதத் ஜீவிகோபார்ஜன் யோஜனா' தொடங்கப்பட்டது. பெட்டிக்கடைக்கான சரக்கோ, ஆடு மாடோ வாங்கிக் கொடுத்து, தொடர்ந்து வந்து பார்க்கும் இந்தத் திட்டம் ஒரு லட்சத்துக்கும் அதிகமான குடும்பங்களை எட்டியிருக்கிறது.

தமிழ்நாட்டில் எது எது?

நம் ஊரில் இரண்டு வகைக் குழுக்கள் இருக்கின்றன. இரண்டையும் பலர் குழப்பிக்கொள்கிறார்கள்.

ஒன்று, மகளிர் சுய உதவிக் குழு. 1989-ல் பன்னாட்டு வேளாண் வளர்ச்சி நிதியத்தின் உதவியோடு தருமபுரி மாவட்டத்தில் தொடங்கிய முயற்சி, பிறகு 'மகளிர் திட்டம்' என்று மாநிலம் முழுக்கப் பரவியது. 1992-ல் நபார்டு வங்கி 500 குழுக்களை வங்கிகளோடு இணைக்கும் முன்னோட்டத்தைத் தொடங்கியது. இங்கே முதலில் சேமிப்பு, பிறகுதான் கடன். குழுவே கணக்கு எழுதி, தன் உறுப்பினர்களுக்குள் கடன் கொடுக்கும்.

இன்னொன்று, நிறுவனங்கள் நேரடியாக அமைக்கும் கடன் குழு. தொடக்கத்தில் சொன்ன 'வார டியூ' இதுதான். இங்கே சேமிப்பு கிடையாது, முதல் நாளே கடன்தான்.

இரண்டாவது வகைக்கு ரிசர்வ் வங்கி 2022 ஏப்ரல் முதல் நடைமுறைப்படுத்திய விதிகள் உள்ளன. டியூ கட்டும் ஒருவர் உங்களுக்குத் தெரிந்தவராக இருந்தால், அவரிடம் இதைச் சொல்லலாம்:

- ஆண்டு வருமானம் 3 லட்சம் ரூபாய் வரை உள்ள குடும்பத்துக்குத் தரப்படும் அடமானமில்லாக் கடன்தான் நுண்கடன். நகையோ பத்திரமோ கேட்கக் கூடாது.
- எல்லாக் கடன்களுக்கும் சேர்த்து மாதம் கட்டும் தொகை, குடும்பத்தின் மாத வருமானத்தில் பாதியைத் தாண்டக் கூடாது.
- வட்டி, கட்டணம் எல்லாம் சேர்த்து உண்மையான ஆண்டு வட்டி எவ்வளவு என்பதைக் கடன் வாங்குபவருக்குப் புரியும் மொழியில் எழுத்தில் தர வேண்டும்.
- முன்கூட்டியே கடனை அடைத்தால் அபராதம் கிடையாது.
- காலை 9 மணிக்கு முன்பும் மாலை 6 மணிக்குப் பிறகும் கூப்பிட்டுத் தொந்தரவு செய்யக் கூடாது. மிரட்டுவது, தரக்குறைவாகப் பேசுவது, சொந்தக்காரர்களையும் உடன் வேலை செய்பவர்களையும் தொல்லை செய்வது எல்லாம் தடை.

கடன் வசூலில் மிரட்டலையும் கட்டாயத்தையும் தடுப்பதற்கான மசோதா, தமிழ்நாடு சட்டப்பேரவையிலும் 2025-ல் நிறைவேறியது.

ஆக, பதில் என்ன?

சிறு கடன், ஏற்கெனவே ஓடும் தொழிலைப் பெரிதாக்க உதவும். தண்டலுக்கு மாற்றாக இருக்கும். அவசரத்துக்குக் கைகொடுக்கும். இதெல்லாம் சின்ன விஷயம் இல்லை. ஆனால் தொழிலும் இல்லை, சேமிப்பும் இல்லை, நாளைய சாப்பாடும் உறுதியில்லை என்ற நிலையில் இருப்பவரிடம் கடனை நீட்டினால், அவருடைய வறுமையோடு ஒரு டியூவும் சேர்ந்துகொள்ளும். அவருக்கு முதலில் வேண்டியது ஒரு சொத்தும், அதை விற்காமல் தாக்குப்பிடிக்கக் கொஞ்ச நாள் சாப்பாடும், கூட நிற்க ஓர் ஆளும். கடன் அதற்கடுத்த படி.

அரசு அடுத்த முறை 'இத்தனை கோடி ரூபாய் கடன் வழங்கினோம்' என்று அறிவிக்கும்போது, அதில் எவ்வளவு ஓடும் தொழிலுக்குப் போனது, எவ்வளவு பழைய கடனை அடைக்கப் போனது என்று கேட்க வேண்டும். வீட்டளவில் கேட்க வேண்டிய கேள்வி இன்னும் எளிது. உங்களுக்குத் தெரிந்த ஒருவர் குழு லோன் வாங்கப் போகிறார் என்றால் இதை மட்டும் கேளுங்கள்: அடுத்த வாரம் டியூ கட்டும் பணம் தொழிலிலிருந்து வருமா, இன்னொரு கடனிலிருந்தா?